கடைசி நாலு கட்டை

வேண்டாம் தம்பி, அந்த ஹெட்போனக் கழட்டி வைங்க. உள்ள இருக்கற ஸ்பீக்கர்லயே கேக்கணும். ஆயிரம் தாளம் இருக்கு, திரை கலர்ல எரியுதுன்னெல்லாம் எனக்குப் பாடம் நடத்தாதீங்க. இருபத்தாறு வருஷமா மேடையில கீபோர்டு வாசிக்கறவ நான். புல்லாங்குழல் டோன் மட்டும் வைங்க. மூணு மாடல்லயும் அதே டோன், அதே அளவு சத்தம். அப்பதான் நியாயமா ஒப்பிட முடியும்.

இந்தச் சின்னது நடுக் கட்டைகள்ல பரவால்ல. ஆனா அழுத்திப் பிடிச்சா மூணாவது நொடியிலயே குட்டு வெளிப்படுது பாருங்க, ஒரே மூச்ச வெட்டி வெட்டி ஒட்டியிருக்கான். அடுத்தது தேவல. ஊதறவன் மூச்சு இழுக்கறது கூடத் தெரியுது. மேல போகப் போகத்தான் மந்தமாயிடுது. கடைசி நாலு கட்டையில விரல் படற டொக்குச் சத்தம்தான் மிச்சம்.

என்ன? பளிச்சுனு கேக்குதா? விக்கறவர் நீங்க, அப்படித்தான் சொல்லுவீங்க.

கோச்சுக்காதீங்க. வீட்ல இருந்ததுலயும் இதே கோளாறுதான். ரிப்பேர்க்காரர் பிரிச்சுப் பாத்துட்டு, ஒண்ணுமே இல்லம்மான்னார். தொழில் தெரியாத மனுஷன்னு அவரத் திட்டிட்டு, வந்த விலைக்கு அதத் தள்ளிவிட்டேன். இப்ப வீட்ல வாசிக்க ஒண்ணுமில்ல.

எங்க குழுவுல பாடறது என் நாத்தனார். குழுவே அவளோடதுதான். போன கச்சேரில நடு மேடையில திரும்பி, அண்ணி, குழல் வாசிக்கறீங்களா, விசில் அடிக்கறீங்களான்னு கேட்டா. மைக்குல, தம்பி! சபையே சிரிச்சுது. மேல போனா மங்குதேன்னு சத்தத்தக் கூட்டி வெச்சேன், அது ஒரு குத்தமா? ஞாயித்துக்கிழமையும் அப்படி அலறினா வேற ஆளப் பாத்துக்கறேன்னுட்டா. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து அவ குரலுக்கு நான்தான் வாசிக்கறேன். எனக்கு வேற வேலை தெரியாது.

அந்தப் பெரியதப் போடுங்க. விலையச் சொல்லாதீங்க, முதல்ல கேக்கறேன்.

ம்... இதுவும் அப்படித்தான். இடது கைல மூணு கட்டையச் சேத்து அழுத்தினா கீழ் சுருதி நெஞ்சுல வந்து இடிக்குது. மேல மட்டும் ஆளே இல்ல.

வேற கடையா? இதுவே நாலாவது.

காது டாக்டர் போன மாசமே சொல்லிட்டார், மேல் சுருதியெல்லாம் போயிடுச்சு, இனிமே திரும்பாதுன்னு. அதுக்கென்ன? எல்லா மாடலையும் ஒரே மாதிரியா செஞ்சிருப்பான்? ஏதோ ஒண்ணாவது என் காதுக்குள்ள வராதா? இன்னொரு தரம் பாத்துடுவோம். நான் இப்படிச் செவுத்தப் பாத்து நின்னுக்கறேன். நீங்க கடைசிக் கட்டைய அழுத்துங்க. கேட்ட உடனே கையத் தூக்கறேன்.

ம், அழுத்துங்க.

ஏன் தம்பி தயங்கறீங்க? அழுத்துங்க.