புதுச் சட்டையில் ஒரு குண்டூசி

தலைமை இருக்கைக்குத் தகுதி சேர்த்து அமர்ந்திருக்கும் மூத்த வழக்கறிஞர் அவர்களே! முழங்கால் வலியையும் மறந்து முன்வரிசைக்கு வந்த பெரியோர்களே! என்னைப் பேசவிட்டு, பின்னால் தனியாக ஒரு மாநாடு நடத்தும் தாய்மார்களே! இன்று பணி நிறைவு பெறும் அரசு மருத்துவர், என் உடன்பிறந்த அக்கா அவர்களே! இந்த ஒற்றைக்காலனின் வணக்கம்.

இன்னொரு கால் எங்கே போனது? பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், பேருந்து நிலையத்தில் வெடித்த குண்டோடு போனது. ஒருவனைப் பிடித்தார்கள். நீதிபதி முன் நிறுத்த மருத்துவச் சான்று வேண்டுமே! யாரிடம் கொண்டுவந்தார்கள்? என் அக்காவிடம்!

அக்காவுக்கு ஒரு பழக்கம். காய்ச்சல் என்றாலும் காதுவலி என்றாலும், சட்டையைக் கழற்றச் சொல்லாமல் எந்த ஆண் நோயாளியையும் பார்க்க மாட்டார். சிரிக்கிறீர்களே, நீங்களும் அங்கே கூசி நெளிந்தவர்கள்தானே!

"ஆளு நல்லாத்தான் இருக்கான், ஒரு கையெழுத்துப் போட்டுருங்க டாக்டரம்மா" என்றார் ஆய்வாளர். நான்கு நாள் காவலில் கிடந்தவன் மேல் மடிப்புக் கலையாத புதுச் சட்டை! காயத்தை மறைக்கச் சட்டை வாங்கியவர்கள், காலரில் கடைக்காரர் குத்திய குண்டூசியை எடுக்க மறந்துவிட்டார்கள்!

"சட்டையைக் கழட்டச் சொல்லுங்க."

"உங்க தம்பி காலை எடுத்தவன்மா இவன்!"

"தெரியும். கழட்டச் சொல்லுங்க."

முதுகில் பதினேழு காயங்கள். பதினேழையும் எழுதினார் என் அக்கா.

செய்தி மாடி வார்டில் படுத்திருந்த எனக்கும் வந்தது. என்னைப் பார்க்க வந்த அக்காவிடம் கத்தினேன்: "அவன் முதுகு பெருசா, என் காலு பெருசா? நீ என் அக்காதானா?"

அழுதுகொண்டே சொன்னார்: "உன் காலைத் திருப்பித் தர என்னால முடியாதுடா. உன் பேரைச் சொல்லி ஒருத்தனை அடிக்கிறதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஆறு மாதம் அவர் முகத்தில் நான் விழிக்கவில்லை.

அடித்து வாங்கிய வாக்குமூலம் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. காவலர்கள் மறுபடி அலைந்தார்கள், சாட்சிகளைத் தேடினார்கள். குண்டு வைத்தவன் அவனேதான்! தண்டனையும் பெற்றான். ஆனால் அடி தாங்காமல் கூட்டாளி என்று அவன் காட்டிய சைக்கிள் கடைக்காரர்? ஒரு பாவமும் அறியாதவர்! "ஏன் அவர் பேரைச் சொன்னே?" என்று கேட்டார் நீதிபதி. "அடி நிக்கணும்னு சொன்னேங்க. பஞ்சர் ஒட்டுறது அவருகிட்டதான், அந்தப் பேருதான் வாயில வந்துச்சு" என்றான். அந்தக் கடைக்காரர் இதோ, மூன்றாம் வரிசையில் கண்ணைத் துடைக்கிறார்!

என்ன தம்பி கேட்கிறீர்கள்? அவன் சொன்னது உண்மையாக இருந்திருந்தால்? அப்போதும் தப்புதான்! மன்னராட்சியில் அடித்தால் மன்னன் அடித்தான். மக்களாட்சியில் அடிப்பது யார்? நம் வாக்கில் வந்த ஆட்சி, நம் வரியில் வாங்கிய தடி, நம் பெயரில் விழும் அடி! காவல் நிலையத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அடிக்கும் அந்த அறைக்குள் நாம் அத்தனை பேரும் நிற்கிறோம், ஐயா! அங்கிருந்து நம் எல்லோரையும் வெளியே அழைத்து வந்தவர் என் அக்கா!

அக்கா, அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டேனே, பதிலை இந்த ஒலிபெருக்கியில் சொல்கிறேன். நீங்கள்தான் என் அக்கா! இந்த ஊரில் இதைவிடப் பெரிய பெருமை எவனுக்கு உண்டு?

அவையோரே, ஒற்றைக்காலில் நான் நிற்கிறேன். இரண்டு கால் உள்ளவர்கள் அவருக்காக எழுந்து நிற்கக் கூடாதா? நின்ற அத்தனை பேருக்கும் என் நன்றி, வணக்கம்!