தந்தையார் நினைவு அவசரப் பிரிவு

தேநீரில் சர்க்கரை போடாமல் கொடுத்ததற்கு நன்றி, சார். தொகுதியில் எந்த வீட்டுக்குப் போனாலும் சர்க்கரையை அள்ளிப் போட்டுத்தான் கொடுப்பார்கள். வேண்டாம் என்றால் ஒரு ஓட்டு போய்விடுமே என்று குடித்துவைப்பேன். அரசியலில் நான் சம்பாதித்தது சட்டமன்றப் பதவி ஒன்று, சர்க்கரை வியாதி ஒன்று.

என் ஓட்டுநர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்றீர்கள். நல்ல மனிதர், பொய் பேசத் தெரியாதவர். அதனால்தான் அவரை மேடை ஏற்றியதில்லை. ஆனால் நடந்ததுதான் அவருக்குத் தெரியும், காரணம் தெரியாது. என் அப்பாவின் சாவுக்கு நான் பொறுப்பா என்பதுதானே உங்கள் விசாரணை. காரணத்தைக் கேட்டால் நீங்களே சமாதானமாகிவிடுவீர்கள்.

அப்பா சலவைக் கடை வைத்திருந்தார். பெரிய கடை. ஊரில் பாதிக் கோட்டு சூட்டு எங்கள் கடை இஸ்திரியில்தான் நிமிர்ந்து நின்றது. மாடி வீடு, கார், எனக்கென்று தனி அறை. பசி என்றால் என்ன என்பது, ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்ன அன்றுதான் எனக்குத் தெரிந்தது. முதல் தேர்தலில் வேறு ஊரில் நின்றேன். இதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லி, சாக்கடையைப் பற்றியும் சாலையைப் பற்றியும் பேசினேன். மண்ணைக் கவ்வினேன். கட்டிய டெபாசிட்டும் திரும்பி வரவில்லை.

இரண்டாம் தேர்தலுக்கு, எங்களை யாருக்கும் தெரியாத இந்தத் தொகுதிக்குக் குடிவந்தோம். ஒரு மாலைக் கூட்டம். நான் மைக்கைப் பிடித்ததும் ஜனம் எழுந்து வீட்டுக்குக் கிளம்பியது. அந்தப் பதற்றத்தில் வாயில் வந்துவிட்டது. "நான் சின்னப் பையன். எங்கப்பாவுக்கு நெஞ்சு வலி. பூட்டிக் கெடந்த ஆஸ்பத்திரி வாசல்ல, கதவு தெறக்காமலே செத்துப்போனாரு." எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். சார், எழுந்து போகிற கூட்டம் திரும்ப உட்காருவதை மேடையிலிருந்து பார்த்திருக்கிறீர்களா? பார்த்தவன் அதைப் பொய் என்று சொல்ல மாட்டான்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். என் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அந்த வேலையை வேறு யாரிடமும் விடமாட்டார்.

"செத்தா சாவுறேன் போ," என்றார். "நீ ஜெயிக்கணும், அவ்வளவுதான். காலரைப் பிடி."

அன்றிலிருந்து அவர் எனக்குப் பெரியப்பா. என் மனைவிக்குப் பெரிய மாமா, பிள்ளைகளுக்குப் பெரிய தாத்தா. அம்மா விஷயத்தில் சிக்கல் இல்லை, அவர் உண்மையாகவே இறந்தவர். ஒருமுறை தொண்டர்கள் முன்னால் மறந்துபோய் "அப்பா" என்று கூப்பிட்டுவிட்டேன். மறுநாள் காலை ஊரெல்லாம் போஸ்டர்: பெரியப்பாவைப் பெற்ற தந்தையாய்ப் போற்றும் உத்தமரே. ஒட்டிய தம்பிகளுக்குச் செலவுக்குக் கொடுத்து அனுப்பினேன்.

அப்பா என் கூட்டங்களுக்கு வருவார். நாலாவது வரிசையில் உட்கார்ந்து தன் சாவைக் கேட்டு அழுவார். பிறகு வீட்டில் குறை சொல்வார். "நான் சாவுற இடம் நல்லா இருக்குடா. இருமலைத்தான் அவசரப்படுத்துறே. கொஞ்சம் இழுத்து இரும விடு என்னை." சரிசெய்துகொண்டேன். கேட்கிற ஆளுக்குத் தகுந்தபடி சின்னதாக ஒன்று, முழுதாக ஒன்று என்று இரண்டு விதமாகச் சொல்லப் பழகினேன்.

அரசு மருத்துவமனையை இரவும் பகலும் திறந்து வைப்பேன் என்று வாக்குறுதி கொடுத்து ஜெயித்தேன். பிரசாரத்துக்கு ஆன செலவைக் கேட்டீர்கள். வண்டி, மைக், சாப்பாடு எல்லாம் தொகுதியில் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனையின் முதலாளிதான். பணம் கொடுத்தார் என்று எழுத வேண்டாம். அவர் அன்பு கொடுத்தார், அது பெட்டியில் வந்தது. அன்பை எண்ணிப் பார்ப்பது மரியாதை இல்லை என்பதால் மைத்துனரை எண்ணச் சொன்னேன்.

அவையில் நான் எந்தெந்த மசோதாவுக்கு வாக்களித்தேன் என்ற விவரம் உங்கள் மேசையிலேயே இருக்கிறது. ஒன்றையும் நான் படித்ததில்லை. எங்கள் கட்சிக் கொறடா முன் வரிசையில் இருப்பார். அவர் தோள் அசைந்தால் என் கை உயரும். ஒருமுறை அவர் முதுகு சொறிந்தபோது மீன்பிடிப் படகுகளுக்கு வரி வந்துவிட்டது. ஆனால் ஒரு மசோதாவுக்கு மட்டும் முதலாளியே வீட்டுக்கு வந்து சொன்னார். அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளை மூடிவிட்டு, அந்த வேலையைத் தனியாரிடம் கொடுக்கும் மசோதா. நான் எழுந்து பேசினேன். பூட்டிய கதவுக்கு வெளியே என் அப்பா இறந்த கதையை முழுதாகச் சொன்னேன். எதிர்க்கட்சிக்காரர்கள்கூடக் கண்ணைத் துடைத்தார்கள். அழுதுகொண்டே எல்லோரும் சேர்ந்து கதவைப் பூட்டினோம்.

முதலாளி நன்றி மறப்பவர் இல்லை. தன் மருத்துவமனையில் புதிதாகக் கட்டிய அவசரப் பிரிவுக்கு என் அப்பா பெயரையே வைத்தார். வாசலில் பித்தளை எழுத்து, கீழே ஆளுயரப் படம். படத்துக்கு இளவயதுப் புகைப்படத்தைத் தேடிக் கொடுத்தவர் அப்பாதான். முடி மாறிவிட்டது, கன்னம் மாறிவிட்டது. மூக்கு மட்டும் மாறவில்லை. எங்கள் குடும்பத்து மூக்கு அது, எங்கே வைத்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். திறப்பு விழாவைப் பார்க்க ஆசைப்பட்டார்.

"ஓரமா நின்னு பார்த்துட்டு வந்துடறேன்டா. எம்பேரு எப்படி மின்னுதுன்னு பாக்க வேண்டாமா?"

"படத்துக்குப் பக்கத்துல நீங்க நின்னா என் பொழப்பு என்ன ஆகும்?" என்றேன். அவர் என் சட்டையை மடித்து வைத்தார்.

விழாவில் நான் பேசத் தொடங்கிய நேரம் வீட்டில் அப்பாவுக்கு நெஞ்சு வலி. என் மனைவி அவரைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விடப் போயிருக்கிறாள். ஓட்டுநர் முதலில் அரசு மருத்துவமனைக்குத்தான் போனார். அவசரப் பிரிவில் பூட்டு தொங்கியது. அதனால் விழா நடக்கும் இடத்துக்கே வந்து, மேடை ஓரம் ஏறி என் காதில் சொன்னார்.

"ஐயா, பெரியப்பாவுக்கு முடியல. உள்ள கேட்டேன், அட்டை இல்லாம சேர்க்க மாட்டாங்களாம்."

அடையாள அட்டை இல்லாமல் எந்த நோயாளியையும் சேர்க்கக் கூடாது என்று அந்த மசோதாவில் ஒரு விதி இருந்ததாம். நான் கை தூக்கிய விதி. அன்றுதான் கேள்விப்படுகிறேன். அப்பாவின் அட்டை அவர் பையில்தான் இருந்தது. அதில் இருக்கும் பெயர் என் தலைக்கு மேலே பித்தளையில் மின்னிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மூக்கு. எதிரே கேமராக்கள்.

எனக்குப் பயமாக இருந்தது, சார். அதை ஒப்புக்கொள்கிறேன். அவர் பெற்ற பிள்ளைதானே நான். ஆனால் ஒரு பொதுவாழ்க்கைக்காரன் தன் குடும்பத்தை முன்னால் வைக்கக் கூடாது. "பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்து. நான் முடிச்சுட்டு வரேன்" என்றேன். காரைப் பூட்டச் சொன்னேன். பின்கதவுகள் உள்ளிருந்து திறக்காது, பிள்ளைகளுக்காகப் போட்ட பூட்டு. பூட்டிவிட்டுச் சாவியை என்னிடம் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்து கொடுத்தார். அப்பா மடித்து வைத்த சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஓட்டுநர் கூட்டத்தின் ஓரத்திலிருந்து இரண்டு கைகளையும் ஆட்டினார். பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அப்போது சின்னக் கதையில் கடைசி வரிக்கு வந்திருந்தேன். கூட்டம் விம்மிக்கொண்டிருந்தது. அங்கிருந்து திரும்பி, முழுக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். ஒலிபெருக்கி பின்பக்கம்வரை கேட்கும், சார். அப்பா கேட்டுக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். அவர் பெயரில் நடக்கும் விழாவில் அவர் கதையைச் சுருக்கினால் வருத்தப்படுவார். ஓட்டுநரே சொல்லியிருப்பாரே. அப்பா முதலில் கார்க் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தாராம். பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாராம். ஒரு விரல் இடைவெளி திறந்திருந்த கண்ணாடி வழியாக, "இன்னிக்கு இருமலை நல்லா இழுத்திருக்கான்" என்றாராம். கோபம் இருந்தால் ஒருவர் அப்படிப் பேசுவாரா, நீங்களே சொல்லுங்கள்.

நான் சாவியோடு போனபோது முடிந்துவிட்டிருந்தது. பெரியப்பா என்றே அடக்கம் செய்தோம். நான் அழுதேன், அது நடிப்பில்லை. அவர் இல்லாத வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்தச் சட்டையைப் பாருங்கள், காலர் நிற்கவே மாட்டேன் என்கிறது.

ஆமாம், கதவைப் பூட்டச் சொன்னது நான்தான், சாவி வைத்திருந்ததும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் உங்கள் அறிக்கையில், தந்தையின் சாவைப் பற்றிப் பொய் சொல்லி வாக்கு வாங்கியவர் என்று ஒரு வரி இருக்கிறதே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். மருத்துவமனை வாசலில், பூட்டிய கதவு திறக்காமல், நெஞ்சு வலியில் என் அப்பா இறந்தார். முதல் நாளிலிருந்து நான் சொல்லிவருவது இதைத்தான். தேதி மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே.