பதினேழாம் நம்பர்க்காரன் சேத்து வச்ச கல்யாணம்

இல்ல டாக்டரம்மா, அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இப்படி ஜன்னல் பக்கம் வாங்க, ஆத்துக் காத்து வரும். சம்மதக் கையெழுத்துதானே, போட்டுத் தர்றேன். படிச்செல்லாம் காட்ட வேணாம், அதான் கல்லறை வாசல்லயே ஒட்டிட்டீங்களே, ஊரே படிச்சாச்சு. பேரில்லாதவங்களோட கல்லறைப் பொந்தெல்லாம் தொறந்து, எலும்ப எடுத்துட்டுப் போயி, யாரு எவருன்னு கண்டுபிடிக்கப் போறீங்க. ஆமா, மூணாம் வரிசை, பதினேழாம் நம்பர். எங்க ஆளுதான். நான் எடுத்துக்கிட்டவன்.

பொகோத்தாவுலேர்ந்து வந்த பொண்ணு, உங்களுக்குச் சிரிப்பாத்தான் இருக்கும். அந்த வருஷங்கள்ல மக்தலேனா ஆத்துல மீனவிடப் பொணம் ஜாஸ்தி. மேல எங்கயோ ஆயுதக் கூட்டத்துக்காரனுங்க வெட்டித் தள்ளுவானுங்க, எங்க ஊரு வளைவுல வந்து ஒதுங்கும். தீயணைப்புக்காரங்க தூக்கிட்டு வந்து குடுப்பாங்க. வெட்டியான் அந்தச் செவுத்துப் பொந்துல வச்சுப் பூசிட்டு, பேர் தெரியாதுங்கறதுக்கு ரெண்டு எழுத்து கிறுக்குவான், அவ்வளவுதான். அழறதுக்கு ஒரு ஆளு இல்லாத ஆவி, பாவமில்லியா? அதனால ஆளுக்கொண்ணா எடுத்துக்குவோம். வர்ணம் அடிச்சு, பேரு வச்சு, திங்கக்கெழமைக்குத் திங்கக்கெழம ஒரு டம்ளர் தண்ணி வச்சு, மூணு தட்டு தட்டி, வேணுங்கிறதக் கேப்போம். அவனுக்கு நாம, நமக்கு அவன்.

நான் என்ன கேட்டேன்னா... வெக்கத்த விட்டுச் சொல்றேன். புருஷன் கேட்டேன்.

அப்ப எனக்கு முப்பத்தெட்டு வயசு. பஸ் ஸ்டாண்டுல மீன் வறுத்துக்கிட்டிருந்தேன். மொதல் புருஷன் பல் டாக்டர்கிட்ட வேல பாத்தவளோட ஓடிட்டான். ஓடுனவன் சும்மா போனானா, என் பெரிய சட்டியயும் தூக்கிட்டுப் போயிட்டான். அவனுக்கு நான் அழல, அந்தச் சட்டிக்குத்தான் அழுதேன். அதனால பதினேழாம் நம்பர்கிட்ட கறாராப் பேசினேன். ஒக்தாவியோ, அப்படித்தான் பேரு வச்சிருந்தேன், இங்க பாரு ஒக்தாவியோ, வர்றவன் குடிக்கக் கூடாது, கை நீட்டக் கூடாது, மீன் கவிச்சிக்கு மூஞ்சியச் சுளிக்கக் கூடாது. அழகெல்லாம் நான் கேக்கல, அது உன் இஷ்டம்.

வான நீலத்துல அடிச்சு, வெள்ளையில பேரெழுதிட்டு வந்தேன். அடுத்த திங்க போய்ப் பாக்குறேன், பச்சை! என் நீலமும் இல்ல, பேரும் இல்ல, முழுசாப் பச்சை. எவ வேலடா இதுன்னு மறுபடி நீலம் அடிச்சேன். மறுவாரம் திரும்பவும் பச்சை. நாலு தடவ இப்படி. எனக்கு வந்துச்சே ஆத்திரம். அஞ்சாவது வாரம் கடையக்கூடத் தொறக்காம, உச்சி வெயில்ல கரண்டியும் கையுமா செவுத்துக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிட்டேன்.

வந்தது பொம்பள இல்ல. ஒல்லியா, உசரமா ஒரு ஆளு. பெயிண்ட் டப்பாவக் கீழ வச்சுட்டு, பொந்துமேல நெத்திய ஒட்டிக்கிட்டு நிக்கிறாரு. நான் பாய்ஞ்சு போயி, யோவ், அடுத்தவ பொணத்த அபகரிக்க வெக்கமாயில்ல, இந்த ஊர்ல பொணத்துக்கா பஞ்சம்னு கத்துனேன். மன்னிச்சுக்கங்க அம்மா, எனக்கு இவன்தான் வேணும்னாரு. எனக்கும் இவன்தான் வேணும்யான்னேன். வெட்டியான் ஓடி வந்து பஞ்சாயத்து பண்ணி, நடுவுல கோடு போட்டுட்டான். இடது பக்கம் நீலம், வலது பக்கம் பச்சை. பேரு மட்டும் எழுதக் கூடாதுன்னுட்டாரு அந்த மனுஷன். சரி தொலையட்டும்னு விட்டேன்.

அப்புறமென்ன, திங்கக்கெழம ஆனா ரெண்டு பேரும் அங்கதான். பேரு வில்மார். படகுத் தொறையில மோட்டார் ரிப்பேர் பண்றவரு. ரிப்பேர்தான் பண்ணுவாரு, படகுல மட்டும் ஏற மாட்டாரு, கரையில வச்சுத்தான் எல்லாம். ஒரு நாள், இவங்கிட்ட நீங்க என்ன கேக்குறீங்கன்னாரு. வாய்ல வந்தபடி கால் வலின்னு சொல்லி வச்சேன். நீங்கன்னேன். நான் ஒண்ணும் கேக்கறதில்ல, எனக்குக் கேக்கறதுக்கு வழியில்லன்னாரு. அடடா, என்ன அடக்கமான மனுஷன்னு நெனச்சுக்கிட்டேன்.

ஏழு மாசம் போச்சு. ஒரு திங்க, ஒரு பெரிய இரும்புச் சட்டியத் தூக்கிட்டு வந்து நிக்கிறாரு. பூ இல்ல, மோதிரம் இல்ல, சட்டி! என் கதை எப்படியோ காதுக்குப் போயிருக்கு. இத எங்க கொண்டாந்து வைக்கன்னு கேட்டாரு. எங்க வீட்டு அடுப்புலன்னேன். முடிஞ்சுது கல்யாணம். கல்யாணக் கேக்குல மொத துண்டு யாருக்கு? ஒக்தாவியோவுக்குத்தான். அப்புறம் ஊர்ல கல்யாணமாகாதவளுங்கல்லாம் பதினேழத் தட்ட ஆரம்பிச்சுட்டாளுங்க. திங்கக்கெழம வரிசையில நிக்கணும். ஏ எனெய்தா, எங்களுக்கும் ஒருத்தனப் பாத்துக் குடுக்கச் சொல்லுடின்னு கிண்டல் வேற.

பதினொரு வருஷம். சொட்டு சாராயம் கெடையாது. கை நீட்டுனது கெடையாது. எனக்கு மலேரியா வந்தப்ப பதிமூணு நாள் துணி தொவைச்சாரு, என் துணிய. எந்த ஆம்பள செய்வான்?

இல்ல, மறக்கல, அந்தக் காகிதம்தானே... இருங்க, இத முடிச்சுர்றேன்.

போன வியாழக்கெழம நீங்க நோட்டீஸ் ஒட்டுனீங்கள்ல, அத படிச்சுட்டு வீட்டுக்கு வந்தவரு கையில கிரீசோட அப்படியே தரையில உக்காந்துட்டாரு. நமக்குக் கல்யாணம் பண்ணி வச்சவன் போறானேன்னு அழறாருன்னு நெனச்சேன். விடுங்க, அவனப் பெத்தவகிட்ட போகட்டும்னு தலையத் தடவிக் குடுத்தேன். அப்பத்தான் சொன்னாரு.

பேனா வச்சிருக்கீங்கள்ல? எழுதிக்கங்க. எவேலியோ குவார்த்தாஸ். பாலாடைக்கட்டி வியாபாரம், கோவேறு கழுதமேல ஏத்திக்கிட்டு மலையில ஊரு ஊராப் போயி விக்கிறவன். எப்படித் தெரியும்னா, படகுல போற வழியெல்லாம் அதையேதான் சொல்லிட்டு வந்தானாம். நான் எவேலியோ குவார்த்தாஸ், பாலாடைக்கட்டி விக்கிறவன், நீங்க தேடறது வேற ஆளு, நீங்க தேடறது வேற ஆளுன்னு. நெசமாவே வேற ஆளுதான். மறுநாள் தெரிஞ்சுச்சாம். படகு ஓட்டுனது இன்னொருத்தன். கத்தி எங்க வீட்டுக்காரரு கையில.

எந்திரிக்காதீங்க, உக்காருங்க. அவரு ஒண்ணும் பண்ண மாட்டாரு.

அந்த ஆயுதக் கூட்டத்த விட்டு ஓடியாந்து, கரையோரமா ஒவ்வொரு ஊரா விசாரிச்சு, சட்டைய வச்சு அடையாளம் கேட்டு, இங்க வந்து சேந்திருக்காரு. நாந்தான் இத விதின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். பதினொரு வருஷம் அவன் முன்னாடி போய் நின்னு நன்றி சொல்லியிருக்கேன் டாக்டரம்மா. இவரக் குடுத்ததுக்கு.

எனக்கு வாய் வரல எனெய்தா, நீ அவங்ககிட்ட சொன்னா போறேன், சொல்லலேன்னா இருக்கேன்னுட்டாரு. எந்தலையில போட்டுட்டாரு. நீங்க கதவத் தட்டுறவரைக்கும் சொல்றதா இல்ல. கையெழுத்தப் போட்டு அனுப்பிச்சுரலாம்னுதான் இருந்தேன்.

லிஸ்ட்ல இருக்கா பாருங்க... குவார்த்தாஸ்... இருக்கா. தேடுறது யாருன்னு போட்டிருக்கு? மகளா. அப்ப எத்தன வயசாம் அதுக்கு?

ம்.

பின்கட்டுல துணி காயப் போட்டுக்கிட்டிருக்காரு. நீங்க இருங்க, நான் கூப்பிடறேன். என்னங்க... கையத் தொடச்சுட்டு இப்படி வாங்க. சொல்லிட்டேன்.