மூன்றாவது பள்ளத்தில் ஒரு டார்ச் லைட்

மறைந்த நம் கமாண்டரின் நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் முன்னாள் தளபதி அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் அதிகாரிகளே, முன்வரிசையில் இருக்கும் கமாண்டரின் துணைவியாரான அம்மா அவர்களே, அவர் பெற்ற மகளே, ஒரே கப்பலில் ஒன்றாகக் குலுங்கிய என் தோழர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய மூவரும் விமானிகள். நான் விமானி அல்ல. விமானம் தாங்கிக் கப்பலில், கமாண்டர் அவர்களின் போர் விமானத்தைப் பழுது பார்த்த மெக்கானிக். அவர் மேலே பறந்த நேரமெல்லாம் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தவன். எனக்குப் பத்து நிமிடம் என்று சொன்னார்கள். தலைவர் மன்னிக்க வேண்டும், நீங்கள் மணியடித்தாலும் சொல்ல வந்ததைச் சொல்லாமல் இன்று நான் உட்கார மாட்டேன்.

கமாண்டர், கமாண்டர் என்று எல்லோரும் சொன்னீர்கள். எங்கள் கப்பல் தளத்தில் அவருக்குப் பெயர் இஞ்சி! ஏன் தெரியுமா? அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. கடற்படை விமானிக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இதை எங்கே போய்ச் சொல்வது? கப்பல் லேசாக ஆடினாலே முகம் வெளுத்துவிடும். கன்னத்தில் ஒரு துண்டு இஞ்சியை அடக்கிக்கொண்டு, என் பக்கத்தில் வந்து குந்திக்கொள்வார். "சீக்கிரம் முடிப்பா. மேல போயிட்டா எனக்கு எல்லாம் சரியாயிடும்" என்பார். எதிரியைச் சுடுவதற்காக அவர் பறந்தார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். வாந்தி வராமல் இருப்பதற்காகத்தான் பறந்தார் என்று நாங்கள் சொல்லிச் சிரிப்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அந்த மனிதர்தான் போரின் இரண்டாவது நாள், நம் கப்பலை நோக்கி வந்த நான்கு விமானங்களை எதிர்கொண்டார். இரண்டை வீழ்த்தினார், இரண்டைத் திருப்பி அனுப்பினார். அது முதல் பதக்கம். அன்றைக்குக் கப்பலில் எண்ணூறு பேர் இருந்தோம். அந்த எண்ணூறு பேரில் இந்த மண்டபத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து கை தூக்குங்கள். வெட்கப்படாதீர்கள், நன்றாகத் தூக்குங்கள், அம்மா பார்க்கட்டும். அம்மா எண்ணுகிறார்கள் பாருங்கள். பதினொன்று! என்னையும் சேர்த்தால் பன்னிரண்டு.

இரண்டாவது பதக்கம் ஆறாம் நாள் கிடைத்தது. மூழ்கிய படகிலிருந்து தப்பிய ஏழு மாலுமிகள் மிதவையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். எதிரியின் பீரங்கிப் படகு அவர்களை நெருங்கிக்கொண்டிருந்தது. கமாண்டரிடம் ஒரு ரவைகூட மிச்சமில்லை. ஆனாலும் ஐந்து முறை அந்தப் படகின் தலைக்கு மேல் பாய்ந்தார். படகு திரும்பி ஓடியது. "குண்டே இல்லாம எப்படி சார் விரட்டினீங்க?" என்று கேட்டேன். "கோவமா வந்தேன்பா. அவங்க நம்பிட்டாங்க" என்றார்.

மூன்றாவது பதக்கம்? சற்று முன் பேசிய நம் தம்பி விமானி அதைத்தான் கேட்டார். "என் உயிரைக் காப்பாத்தின அந்த ஒன்பதாம் நாளுக்கு ஏன் அவருக்குப் பதக்கம் இல்லை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் இந்த மண்டபத்தில் என் ஒருவனிடம் மட்டும்தான் இருக்கிறது.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. என் கருவிப் பெட்டியில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்திலேயே ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். என் கருவிகள் எல்லாவற்றுக்கும் மஞ்சள் பெயின்ட் அடையாளம். விமானத்தில் ஏறும் முன் கமாண்டர் பெட்டியைப் பார்ப்பார், எல்லாப் பள்ளமும் நிரம்பியிருக்க வேண்டும். அப்புறம், "கையைக் காட்டு" என்பார். நான் இரண்டு உள்ளங்கையையும் விரித்து, "கை காலி சார்" என்பேன். "அப்ப கிளம்புறேன்" என்று ஏறுவார். விமானத்துக்குள் எதையும் மறந்து வைக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. ஒரு நாளும் தவறியதில்லை.

ஒன்பதாம் நாள் தவறியது. விமானி அறைக்குள் தலையை விட்டு, சின்ன டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு வயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அபாயச் சங்கு ஊதியது. அவர் ஓடி வந்தார், நான் துள்ளி இறங்கினேன். அவர் கேட்கவில்லை. நான் காட்டவில்லை. அவர் பறந்த பிறகு பெட்டியைத் திறந்தேன். டார்ச் லைட்டின் பள்ளம் காலியாக இருந்தது.

அன்பானவர்களே, அடுத்த ஐம்பது நிமிடம் நான் எப்படி நின்றேன் என்று எனக்கே தெரியாது. மேலே அந்த டார்ச், விமானத்தைத் திருப்பும் இடது கால் மிதிக்கு அடியில் உருண்டு போய்ச் சிக்கிக்கொண்டது. விமானம் இடது பக்கம் திரும்ப மறுத்தது. அந்த நேரம் பார்த்துத்தான் நம் தம்பியின் விமானம் அடிபட்டுப் புகைந்தது. பின்னால் இரண்டு எதிரிகள். வலது பக்கம் மட்டுமே திரும்பும் விமானத்தை வைத்துக்கொண்டு, சுற்றிச் சுற்றி நடுவில் நின்று, தம்பியைக் கப்பலுக்குக் கொண்டு வந்து சேர்த்தார் என் கமாண்டர். தம்பியை முதலில் இறங்க விட்டார். தான் கடைசியாக இறங்கினார். இறங்கும் விமானத்தை இழுத்து நிறுத்தத் தளத்தின் குறுக்கே கட்டிய கம்பிகளில், கடைசிக் கம்பியில்தான் அவருடைய விமானத்தின் கொக்கி மாட்டியது. அதையும் தாண்டியிருந்தால் கடல்தான்.

பதக்கத்துக்குப் பரிந்துரை போனது. கூடவே விசாரணையும் வந்தது. மிதியில் டார்ச் சிக்கியதைச் சொன்ன அவர், அதை யார் கண்ணிலும் காட்டவில்லை. விமானிகளும் சின்ன டார்ச் வைத்திருப்பார்கள். அதனால் அது அவருடையது என்றே நினைத்துக்கொண்டார்கள். அவர் மறுக்கவில்லை. "பாக்காம ஏறினது நான். பொறுப்பு என்னுடையது" என்று மட்டும் சொன்னார். நான் அந்த அறைக் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே போகக் கால் வரவில்லை. பரிந்துரை ரத்தானது. கவனக்குறைவு என்று அவருடைய பணிப் பதிவில் ஒரு கண்டனம் ஏறியது. களங்கமே இல்லாத அந்தப் பதிவில் அந்த ஒரே கறை என்னுடையது!

அவர் வெளியே வந்ததும், "சார், நான் போய்ச் சொல்லிடறேன்" என்றேன். "சொல்லி? உன்னைத் தூக்கி உள்ள போட்டுட்டா நாளைக்கு என் விமானத்தை யாருப்பா பாப்பா? வீட்ல ரெண்டு மாசக் குழந்தை இருக்குல்ல? போய் வேலையைப் பாரு" என்றார். "அந்த டார்ச் சார்?" என்று இழுத்தேன். "கடல்ல போட்டுட்டேன். நீயும் இதை இங்கயே விட்டுடு" என்றார். மறுநாளிலிருந்து "கையைக் காட்டு" என்று ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை கேட்டார். அவ்வளவுதான் அவர் எனக்குக் கொடுத்த தண்டனை.

நான் விட்டுவிட்டேன், நாற்பது வருடம். போன செவ்வாய்க்கிழமை கமாண்டரின் மகள் போன் செய்தாள். "மாமா, மூணாவது பதக்கமும் வரப்போகுதுன்னு நம்பி அம்மா அப்பவே மூணு பள்ளம் வெச்சுப் பெட்டி செய்யச் சொன்னாங்களாம். ரெண்டுல பதக்கம் இருக்கு. மூணாவதுல ஒரு பழைய டார்ச் இருக்கு. மஞ்சள் பெயின்ட் அடிச்சது. அது உள்ள உக்காரணும்னு அப்பா கத்தியால பள்ளத்தைச் சீவியிருக்காரு. அம்மா கேட்டா, இது ஒருத்தரோட சாமான், பத்திரமா இருக்கட்டும்னுதான் சொல்வாராம். யாரோடது மாமா?"

மகளே, அது என்னுடையது.

அம்மா, உங்கள் வீட்டுக்கு வர வேண்டிய ஒன்றை வர விடாமல் செய்தவன் நான். அவர் உயிரோடு இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. என்னை மன்னியுங்கள்.

தலைவர் அவர்களே, காலையில் உங்கள் கையில் ஓர் உறையைக் கொடுத்தேனே, அதில் என் பெயர், என் பணி எண், அன்றைய தேதி எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பதக்கம் தருவதும் தராததும் மேலிடத்தின் விருப்பம். அந்தக் கண்டனத்தை மட்டும் அவர் பெயரிலிருந்து எடுத்து என் பெயரில் எழுதச் சொல்லுங்கள். அது நடக்கும் வரை ஒவ்வொரு அலுவலகப் படியாக ஏறுவேன். மாதத்தின் முதல் சனிக்கிழமைதோறும் கடற்படை மருத்துவமனைக்குப் போய், கட்டிலோடு கிடக்கும் நம் ஆட்களிடம் இஞ்சி மிட்டாய் கொடுத்து அரட்டை அடிப்பாரே, அந்த மிட்டாய்ப் பையை இனி நான் தூக்குகிறேன். அவர் அளவுக்கு எனக்குச் சிரிக்க வைக்க வராது. ஆனால் ஒரு மாதமும் தவறாது.

அம்மா, அந்த டார்ச்சை எனக்குத் திருப்பிக் கொடுங்கள். என் கருவிப் பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் டார்ச்சின் பள்ளமும் காலியாகவே இருக்கிறது. உங்கள் பெட்டியில் அந்த மூன்றாவது இடம், வர வேண்டியது வருவதற்காகத் திறந்திருக்கட்டும்.

கடைசியாக அவரிடம் ஒரு வார்த்தை. மேடையில் இருக்கும் அவர் படத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்றைக்கு நீங்கள் கேட்கவில்லை, நான் காட்டவில்லை. இதோ, இரண்டு கையும் விரித்துக் காட்டுகிறேன்.

கை காலி சார். நீங்க கிளம்பலாம்.