பழைய பனியன் துணி

துப்பாக்கி துடைக்கப் பழைய பனியன் துணியை மிஞ்சியது கிடையாது. புதுத் துணி நூல் விடும். துண்டு எண்ணெயைக் குடித்துவிடும். பல முறை துவைத்து நைந்த பருத்திப் பனியனை உள்ளங்கை அளவுக்கு வெட்டிக்கொண்டால் போதும். என் மேசையில் எப்போதும் ஓர் அடுக்கு இருக்கும்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன், ஐயா. குழல் வெடித்து ஒருவன் செத்திருக்கிறான், அந்தத் துப்பாக்கிக்குள் ஒரு பொட்டுக் கரி இல்லையே, எப்படி என்று கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

பெர்லா அம்மாவின் வேட்டை விடுதியில் ஏழு வருடம் துப்பாக்கிகளை நான் பார்த்துக்கொண்டேன். கோர்தோபா நகரத்துக்கு வடக்கே, சோளக்காட்டுக்கு நடுவில் இருக்கிறது அது. விருந்தாளிகள் விமானம் ஏறி வந்து, காலையில் புறாக்களை நோக்கி ஆளுக்கு ஆயிரம் தோட்டா சுடுவார்கள். சாப்பிட்டுத் தூங்குவார்கள். எழுந்து இன்னொரு ஆயிரம் சுடுவார்கள். அவர்கள் மதியம் தூங்கும் நேரம்தான் என் வேலை நேரம். பதினாறு துப்பாக்கிகள். எல்லாம் தாமாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்பவை. வெடித்த புகைதான் உள்ளே புகுந்து அந்த வேலையைச் செய்கிறது. போகிற வழியெல்லாம் கரியைப் பூசிவிட்டுப் போகிறது.

அவை என்னிடம் எந்த நிலையில் வரும் என்று நீங்கள் பார்த்ததில்லை. கட்டையில் கன்னத்து வியர்வையும் களிம்பும். விசையில் சோரிசோ தொத்திறைச்சியின் கொழுப்பு. உள்ளே கரியோடு ஒட்டிய இறகு. சில நாள் இறகில் பேன் ஊரும்.

எலீசியோ விருந்தாளிக்குப் பின்னால் நின்று தோட்டா நிரப்புகிறவன். அடிபட்டு விழுந்து துடிக்கிற புறாவின் கழுத்தைத் திருகிப் போட்டுவிட்டு, அதே கையால் தோட்டாவை எடுப்பான். அதே கையால் ரொட்டியைப் பிய்த்துத் தின்பான். குழலில் கறை தெரிந்தால் கட்டைவிரலை நக்கித் துடைப்பான். மோசமானவன் இல்லை. எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். அவன் மகள் ரொசாவுரா நர்சுக்குப் படிக்கிறாள். இதையெல்லாம் நான் மறைக்கவில்லை.

என் வேலை இப்படி. தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்ப்பேன். முனையில் உள்ள மூடியைத் திருகி எடுத்தால் முன்கட்டை நழுவி வரும், பிறகு குழல் வரும். அதன் அடியில் பிஸ்டன். கரி அதிகம் சேர்வது அங்கேதான். கரைப்பான் தடவிக் கொஞ்ச நேரம் விட்டு, பல் துலக்கும் பிரஷால் தேய்ப்பேன். புகை போகிற சின்னத் துளைகளை ஊசியால் குத்தித் திறப்பேன். குழலுக்குத் தோட்டா நுழைகிற பக்கத்திலிருந்து கம்பியை விட வேண்டும், வாய்ப் பக்கத்திலிருந்து விடக் கூடாது. துணி வெள்ளையாக வெளியே வரும்வரை மாற்றி மாற்றி விடுவேன். எண்ணெய் ஒரு துளி. அதிகம் விட்டால் கரியோடு சேர்ந்து கறுப்புச் சேறாகிவிடும். கடைசியில் குழலை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்ப்பேன். கோடு கோடாக ஒளி சுழலாமல், ஒரே வட்டமாக, பால் மாதிரி தெரிய வேண்டும். அந்த நாளில் எனக்குப் பிடித்தது அந்த ஒரு கணம்தான்.

மார்ச்சில் ஒரு மழை நாள். வேட்டை இல்லை. சமையலறையில் வட்டமாக உட்கார்ந்து, ஒரே குடுவையில், ஒரே உறிஞ்சியால், ஆள் மாற்றி ஆள் மாத்தே இலைத் தேநீர் குடித்தோம். எலீசியோதான் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தான். எனக்கு முந்தின முறை அவனுடையது. குடுவை என் கைக்கு வந்தபோது உறிஞ்சியின் நுனியில் அவன் எச்சில் மினுங்கியது. என் பையில் பனியன் துணி இருந்தது. துடைத்தேன். மாத்தே உறிஞ்சியை யாரும் துடைப்பதில்லை, உங்களுக்கே தெரியும். துடைத்தால் மூஞ்சியில் துப்பியதற்குச் சமம். கை தன்பாட்டில் செய்துவிட்டது.

எல்லோரும் என் கையிலிருந்த துணியைப் பார்த்தார்கள்.

"ஏன் டெல்மிரா, எனக்கென்ன குஷ்டமா?" என்றான் எலீசியோ. சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

"விடுய்யா," என்றாள் சமையல்காரி ஒல்கா. "அவ புருசன் ஓடிப்போனான்னா நெனைக்கிற? தொடச்சித் தொடச்சியே தேஞ்சு போயிட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து குடுவை வட்டமாக வரும்போது எலீசியோ என்னைத் தாண்டி அடுத்தவருக்குக் கொடுத்தான். எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்துப் பெர்லா அம்மா என்னைக் கூப்பிட்டார். எலீசியோவுக்கு முழங்கால் போய்விட்டது, வயலில் நிற்க முடியவில்லை, துப்பாக்கி மேசையை அவனுக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். நான் ஒல்காவோடு புறா உரிக்க வேண்டும். நியாயமான பேச்சு. நான் தலையாட்டினேன். பிறகு கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

புறா உரிப்பது எப்படி என்று சொல்லட்டுமா. மார்பில் இரண்டு கட்டைவிரலையும் விட்டுப் பிளக்க வேண்டும். இரைப்பை பிய்ந்து, பாதி செரித்த சோளம் விரலிடுக்கில் வழியும். சூடாக இருக்கும். ஒல்கா அதைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பாட்டுப் பாடுவாள்.

உறிஞ்சியைத் துடைத்ததற்குப் பழிவாங்க எலீசியோதான் என் மேசையைக் கேட்டு வாங்கினான் என்று நினைத்தேன். இல்லை, அவன் எனக்காக வேண்டாமென்று பெர்லா அம்மாவிடம் மன்றாடிப் பார்த்தான் என்று ஒல்கா பிற்பாடு சொன்னாள். இருக்கலாம். அவன் நகம் அதனால் சுத்தமாகிவிடாது.

ஒரு வாரம் அவனுக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். எதையும் ஒளிக்கவில்லை.

"கழட்டுனதும் ஒரு தடவ, மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவ," என்றேன். "குழல வெளிச்சத்துல புடிச்சு உள்ள பாரு. மறக்காத."

"பாக்குறப்ப கண்ணுக்கு மை போட்டுக்கணுமா, மகாராணி?"

"உள்ள ஏதாவது அடச்சிருந்தா வெடிச்சிரும்."

"முப்பது வருசமா துப்பாக்கியோட கெடக்கேன், எனக்கே சொல்றியா," என்று எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தான். எண்ணெய் மேசையில் ஓடியது. என் மேசையில். அதைப் புறங்கையால் வழித்துக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டான்.

எங்கள் விடுதியில் ஒரு பழக்கம். மதியம் துடைத்து முடித்த துப்பாக்கிகளை எலீசியோ கொட்டகைக்குப் பின்னால் உள்ள ஓடைக்கரைக்குக் கொண்டுபோய், ஒவ்வொன்றிலும் ஒரு தோட்டா வானத்தைப் பார்த்துச் சுடுவான். மிச்ச எண்ணெய் எரிந்துபோகும். விருந்தாளிகளுக்கு அதுதான் தூக்கம் கலைக்கும் மணி. பதினாறாவது சத்தத்துக்குத்தான் காப்பி வைப்பார்கள். வெடிச் சத்தம் கேட்டு யாரும் எட்டிப் பார்க்காத வீடு அது.

அவன் தனியாகத் துடைத்த முதல் நாள், ஒரு மணி நேரத்தில் பதினாறையும் முடித்துவிட்டு, குழல்களை மேசையில் பரப்பிப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனான். நான் உள்ளே போய் ஒவ்வொன்றாக ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். எல்லாம் சாம்பல் நிறம். ஒன்றில் இறகு. இந்தக் குழல்கள் ஏழு வருடம் என் கையில் எப்படி இருந்தன.

ஒன்பதாவதில் துணியைத் திணித்தேன். ஒன்றல்ல, பல. கெட்டியாக.

யாரையும் கொல்ல நினைத்தேன் என்று எழுதாதீர்கள். அவன் பார்த்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. மாட்டுவதற்கு முன்னால் பார் என்று சொல்லியிருந்தேன். என்றாவது ஒரு விருந்தாளிக்கு நடக்கப் போவதை, முன்கூட்டியே நடக்கவைத்தேன், அவ்வளவுதான். திரும்பி வந்து அவன் மாட்டும்போது நான் ஜன்னலடியில் உட்கார்ந்து பனியன் வெட்டிக்கொண்டிருந்தேன். பதினாறில் ஒரு குழலைக்கூட அவன் வெளிச்சத்தில் பிடிக்கவில்லை. ஒன்பதாவதை எடுத்தபோது என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். நான் வாய் திறக்கவில்லை. அது அவன் வேலை, என் வேலை இல்லை.

எட்டுச் சத்தம் சரியாகக் கேட்டது. ஒன்பதாவது அகலமாக, தகரக் கூரை சரிந்த மாதிரி கேட்டது.

மேசையிலிருந்த துடைக்கும் சாமான்களை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன். எலீசியோ கரைமேட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இடது கை முழங்கைக்குக் கீழே கிழிந்திருந்தது. ரத்தம் துள்ளித் துள்ளி வந்தது. துப்பாக்கி அந்த ரத்தத்தில், சேற்றில் கிடந்தது.

"கட்டு, டெல்மிரா," என்றான். "எதையாவது வச்சுக் கட்டு."

ரத்தத்தில் உப்பு இருக்கிறது, ஐயா. விட்டுவைத்தால் இரும்பைத் தின்னும். நான் துப்பாக்கியை எடுத்து, பத்தடி தள்ளிக் கிடந்த பலகையில் வைத்துக் கழற்றினேன். குழல் உரித்த வெங்காயம் மாதிரி விரிந்திருந்தது. அந்த மடிப்புகளுக்குள்ளும் அவனுடைய சதை ஒட்டியிருந்தது. பிஸ்டனை எடுத்தேன். துளைகளைக் குத்தினேன். தடயத்தை அழிக்கத் துடைத்தேன் என்று உங்கள் ஆட்கள் சொல்கிறார்கள். அந்த யோசனையே எனக்கு வரவில்லை. அது அழுக்காக இருந்தது.

முதலில் என்னைக் கூப்பிட்டான். பிறகு பெர்லா அம்மாவை. அவர் தூங்கிக்கொண்டிருந்தார், காப்பிக்கு இன்னும் ஏழு சத்தம் பாக்கி இருந்தது. பிறகு ரொசாவுரா, ரொசாவுரா என்றான்.

"கையில இருக்குற துணியக் குடேன், தாயி," என்று ஒரு முறை கேட்டான்.

"இது சுத்தமான துணி," என்றேன். "துப்பாக்கிக்கு வச்சது."

பத்து நிமிடத்துக்குள் கட்டியிருந்தால் பிழைத்திருப்பான் என்று மருத்துவர் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். சரிதான். எனக்கும் தெரியும். நான் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். விரிந்த குழலாக இருந்தாலும் கடைசித் துணி வெள்ளையாகத்தான் வந்தது.

நான் இரக்கமில்லாதவள் இல்லை. வேலை முடிந்தபோது அவன் சத்தம் நின்றிருந்தது. ஆனாலும் துடைத்துப் போட்ட துணிகளில் கரி குறைவாக இருந்த ஒன்றைத் தேடி எடுத்து, கம்பியின் நுனியால் அவன் பக்கம் தள்ளிவிட்டேன்.