குழம்பில் போன மண்டை

எண்ணூரிலிருந்து ராயபுரம் போகிற பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு காலேஜ் பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் மடியில் ஒரு டிபன் பாக்ஸ்.

"இடிக்காதடி, உள்ள தலை கீது" என்றாள். அவ்வளவுதான், அதற்குமேல் எனக்கு வெளியே வேடிக்கை பார்க்க ஓடவில்லை.

"இன்னா தலை?" என்றாள் தோழி.

"கொடுவா தலை. மீன் மண்டை எலும்பு மொத்தத்தையும் இன்னிக்கு மேடம்கிட்ட காட்டணுமில்ல? ஃப்ரிட்ஜுல வெச்சிருந்தேன். எங்கம்மா கொழம்புல போட்டுடுச்சு."

"ஐயோ, அப்பால?"

"எங்க வூட்ல தலைன்னா நைனாவுக்குத்தான். நான் பாக்கறப்போ உறிஞ்சிக்கினு கீறாரு. அழுதுட்டேன். மனுசன் பயந்துட்டாரு. அப்பால பல்லு படாம ஒவ்வொரு எலும்பா எடுத்து தட்டோரமா வெச்சாரு."

"எல்லாம் கெடச்சுதா?"

"தாடை மூட்டு எலும்பு ஒண்ணு மட்டும் காணோம். அதாண்டி என் ப்ராஜெக்டே. அந்த எலும்புதான் காலப்போக்குல சின்னதாயி நம்ம காதுக்குள்ள வந்து குந்திக்கினு கீது. கடைசில அம்மாதான் சட்டிய வடிகட்டி எடுத்துக் குடுத்துச்சு."

"எப்படி சுத்தம் பண்ணேன்னு மேடம் கேட்டா?"

"வேக வெச்சு எடுக்கச் சொன்னதே மேடம்தான். புளி ஊத்தாதன்னு சொல்லவே இல்லியே."

"நைனா இன்னும் பயந்துகினுதான் கீறாரா?"

"அவரா? அடுத்த ப்ராஜெக்ட் எப்பன்னு கேக்கறாரு. வஞ்சிரம்னா ரெடியாம்."