மைத்துனனின் விசைகள்

மவுஸைப் பிடித்து வேலை செய்கிறவர்கள்மேல் எனக்கு விரோதம் எதுவும் இல்லை. இரண்டாவது மாடிக்குப் போக லிஃப்டுக்குக் காத்து நிற்பவர்களைப் போல அவர்களும் ஒரு வகை மனிதர்கள். நிற்கட்டும். இந்த வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்யும் நீங்கள்கூட வரிக்கு ஒருமுறை கையைத் தூக்கி மவுஸுக்குப் போகிறீர்கள். பரவாயில்லை, எனக்கு அவசரம் இல்லை.

நான் புரோகிராம் எழுதுபவன். மருத்துவமனையில் நோயாளியின் உடம்பில் மருந்தை அளந்து ஏற்றும் பம்புகளுக்கு எங்கள் கம்பெனி மென்பொருள் செய்கிறது. புரோகிராமைத் தட்டச்சு செய்ய எடிட்டர் என்று ஒரு மென்பொருள் உண்டு; வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரே பழைய எடிட்டரில்தான் எழுதினேன். அதில் விசைப்பலகைக்கு இரண்டு நிலைகள் உண்டு. எழுதும் நிலையில், அடித்தது திரையில் விழும். கட்டளை நிலையில் அதே விசைகள் வேலைக்காரர்களாகிவிடும்: ஒன்று வரியை அழிக்கும், ஒன்று அடுத்த சொல்லுக்குத் தாவும். எந்த நிலையில் இருக்கிறோம் என்பது எப்போதும் மனதில் இருக்க வேண்டும். அதற்கு மனம் என்று ஒன்று வேண்டும்.

அலுவலகத்தில் எனக்கு ‘டைப்ரைட்டர்’ என்று பட்டப்பெயர். “டைப்ரைட்டர் சாருக்கு ஒரு மவுஸ் வாங்கிக் குடுத்தா, பேப்பர் பறக்காம வெயிட்டா வச்சுப்பாரு” என்பார்கள். காதில் போட்டுக்கொண்டதில்லை.

என் மனைவியின் தம்பிக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான். என் மேசைக்கு எதிர்மேசை. எல்லோரும் வைத்திருக்கும் புது எடிட்டர்தான் அவனிடமும் இருந்தது. மெனுவும் வண்ணமும் பொத்தானுமாக, பொம்மைக் கடைபோல. ஒரு நாள் அதில் ஒரு துணை மென்பொருளைப் போட்டு, என் எடிட்டரின் விசைகளை அதற்குள் கொண்டுவந்துவிட்டான்.

“அத்தான், இனிமே நானும் உங்க கட்சி” என்றான்.

கட்டளை நிலையில் இருப்பதை மறந்து எழுத ஆரம்பிப்பான். வரிகள் காணாமல் போகும். “ஐயையோ, இங்கதானே இருந்துச்சு?” என்பான். அறை முழுவதும் சிரிக்கும். அவனும் சேர்ந்து சிரிப்பான். தன் தவறைப் பார்த்துச் சிரிக்கிறவனை மக்களுக்குப் பிடிக்கும் என்பதை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

வீட்டிலும் அதே பேச்சு. “தம்பி உங்கள மாதிரியே டக்கு டக்குன்னு அடிக்கிறானாம். மேனேஜரே சொன்னாராம்” என்றாள் மனைவி.

“அடிச்சத அழிக்காம இருக்கச் சொல்லு.”

“உங்களுக்கு என்னைக்குங்க அவனப் பிடிச்சிருக்கு?”

அதோடு போயிருக்கும். ஆனால் மேனேஜர், எல்லோரும் ஒரே எடிட்டரில்தான் வேலை செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தார். என் கணினியிலிருந்து பழையதை எடுத்துவிட்டார்கள். நான் அவர் அறைக்குப் போய்க் கேட்டேன். அவர் போனிலிருந்து தலையைத் தூக்காமலேயே, “உங்க மச்சினன் வச்சிருக்கிற மாதிரி வச்சுக்குங்க சார். ரெண்டும் ஒண்ணுதானே?” என்றார்.

இரண்டும் ஒன்றல்ல. உங்களுக்குப் புரிகிறபடி சொல்கிறேன். ஊரில் எல்லா எடிட்டரிலும் கண்ட்ரோல் விசையோடு ‘ஏ’ அடித்தால் பக்கம் முழுவதும் தேர்வாகும். என் எடிட்டரின் கட்டளை நிலையில் அதையே அடித்தால், கர்சர், அதாவது திரையில் மின்னும் கோடு, நிற்கும் வரியிலுள்ள எண்ணில் ஒன்று கூடும். அங்கேயே வாழ்கிறவன் கை அந்த விசைக்குத் தவறிப்போகாது. ஆனால் புது எடிட்டருக்குள் பழைய விசைகளைக் குடிவைத்தவனுக்கு, கண் பார்ப்பது ஒரு வீடு, கை இருப்பது இன்னொரு வீடு.

ஒருமுறை அவன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தைக் காப்பி எடுக்க நினைத்து அந்த விசையை அடித்தான். எதுவும் தேர்வாகவில்லை. மறுபடி அடித்தான். “சே, இது வேற” என்று மவுஸைப் பிடித்து மேலிருந்து கீழே இழுத்தான். கர்சர் நின்ற வரியில் ஐந்து ஏழாகியிருந்தது. அவன் பார்க்கவில்லை. எடிட்டர் தானாகவே சேமித்துக்கொண்டது. நான் சொல்லவில்லை. சொல்லித் தெரிய வேண்டியதா அது?

குழாயில் அடைப்பு வந்து மருந்து நின்றுபோனால், பம்ப் இரண்டு நிமிடம் பொறுத்துவிட்டு அலறும். அந்த இரண்டு என்ற எண் எழுதியிருக்கும் ஃபைல் அவன் பொறுப்பில் இருந்தது. ஒரு மதியம் எதிர்மேசையிலிருந்து கூப்பிட்டேன்.

“மச்சான், அலாரம் நேரம் எந்த வரியில இருக்கு?”

“இதோ, அந்த வரிக்கு வந்துட்டேன் அத்தான். ரெண்டு நிமிஷம்னு இருக்கு.”

“அங்கேயே இரு. அந்த ஃபைல் முழுசையும் காப்பி பண்ணி எனக்கு சாட்ல போடு.”

விசை இருமுறை விழும் சத்தம் கேட்டது. பிறகு மவுஸ்.

அவன் எழுதுவதைச் சரிபார்த்து ஒப்புதல் தருவது என் வேலை. மாலையில் வந்தது. பழைய வரி சிவப்பில், புதிய வரி பச்சையில். இரண்டு நிமிடம் நான்காகியிருந்தது. தானியங்கிச் சோதனையும் அந்த ஃபைலில் இருக்கும் எண்ணையே சரியென்று எடுத்துக்கொண்டுதான் பார்க்கும். ஆகவே அதுவும் தேறியிருந்தது. தன் பெயரில் போவதை ஒருமுறை படித்துப்பார்க்காத ஒருவனுக்காக நான் எதற்குப் படிக்க வேண்டும்? ஒப்புதல் கொடுத்தேன்.

இறந்தவர் தையல்காரர் என்று சொன்னீர்கள். இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. குழாய் மடங்கியிருந்தது. நர்ஸ் அடுத்த கட்டிலில் இருந்தார். அடைப்பு வந்தால் இரண்டு நிமிடத்தில் அலாரம் அடிக்கும் என்று நம்பினார். நீங்கள் காட்டிய படத்தில் அந்தத் தையல்காரர் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அளந்து வெட்டுகிறவர். அவரை நான் மதிக்கிறேன்.

இதையெல்லாம் நானே வந்து சொல்லக் காரணம் கேட்டீர்கள். என் மைத்துனன் அழுதுகொண்டே “நான்தான் பண்ணேன், தெரியாம பண்ணிட்டேன்” என்று ஒப்புக்கொண்டான். நீங்களும் ‘கவனக்குறைவு’ என்று எழுதி அவனை உள்ளே வைத்திருக்கிறீர்கள். என் மனைவி சாப்பாட்டுத் தட்டை என் முன் வைத்துவிட்டு, “அவன் பாவம்ங்க, உங்கள மாதிரி வரணும்னுதான் அந்தக் கருமத்தையே கத்துக்கிட்டான்” என்றாள். எனக்கு அது பொறுக்கவில்லை. கர்சர் எங்கே நிற்க வேண்டும், எதைக் கேட்டால் எந்த விரல் எங்கே போகும், எந்தச் சோதனை கண்டுகொள்ளாது என்று கணக்குப் போட்டுச் செய்த காரியம் அது. அதில் அவன் பெயர் இருப்பது சரியில்லை. ஒரு வரியை ஒழுங்காக அழிக்கத் தெரியாதவன் அவன். விடுங்கள் அவனை.

வேறு ஃபைல்களையும் அப்படிக் கேட்டு வாங்கினேனா என்கிறீர்கள். வாங்கினேன். இரண்டும் ஒன்றல்ல என்பது ஒரு தடவையில் நிரூபணமாகாது அல்லவா? அந்த எண்களும் இப்போது பம்புகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. எவை என்று எனக்கு நினைவிருக்கிறது. நானே உட்கார்ந்து திருத்தித் தருகிறேன். ஆனால் நீங்கள் கொண்டுவந்திருக்கும் இந்தக் கணினியில் முடியாது. பழைய எடிட்டரைப் போட்டுக் கொண்டுவாருங்கள், அதுவரை காத்திருக்கிறேன். மற்றதில் நான் கை வைப்பதில்லை. ஒரு விசை தவறினால்கூட யாராவது செத்துப்போகக்கூடும்.